பழைய டிராக்டருக்கு டோசர் செய்யக் கொடுக்கிறவர்கள் கவனிக்கவும், 42,000 ரூபாய் போச்சு

நேற்று சாயங்காலம்தான் அந்த இரும்பைக் கழற்றி மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போட்டோம். ராத்திரி தூக்கமே வரவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

வண்டி, அப்பா 1994-ல் வாங்கிய மாஸி 1035. சம்பாவுக்குள் மேட்டு வயலை மட்டமடித்துவிடலாம் என்று மண்ணைத் தள்ளுகிற முன்பக்க டோசர் பிளேடு செய்ய ஒரு வெல்டிங் பட்டறையில் சொன்னேன். போனில் வீடியோ போட்டு ஆள் பிடிக்கிற பட்டறை. பேரும் ஊரும் இப்போதைக்கு வேண்டாம்.

அளவெடுக்க வீட்டுக்கே வந்தார். அதில்தான் நம்பினேன். வலது பக்கம் குனிந்து டேப்பை வைத்தார், எண்களைச் சாக்பீஸால் மட்கார்டிலேயே எழுதினார். எழுந்துவிட்டார். "அந்தப் பக்கம் பார்க்கலையா?" என்றேன். "இங்க என்னவோ அங்கயும் அதேதான்ணே, கம்பெனி வண்டி. எத்தனை மாஸிக்கு மாட்டியிருக்கேன்!" என்றார். அம்மா கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே அவ்வளவு நிதானமாகச் சொன்னார். சரி, தொழில் தெரிந்தவர் என்று அங்கேயே 42,000 ரூபாயையும் எண்ணிக் கொடுத்தேன்.

முப்பது வருஷம் சேற்றில் உழன்ற வண்டிக்கு இரண்டு பக்கமும் எப்படி ஒன்றாக இருக்கும்? இடது பக்கம் ஒருமுறை உடைந்து பற்ற வைத்தது. மாட்டும்போது வலது பக்கம் உட்கார்ந்தது, இடது பக்கம் ஓட்டைக்கு ஓட்டை அரை விரல் தள்ளி நின்றது. கேஸ் கட்டரை வைத்து, வண்டியில் மாட்டுகிற தகட்டில் ஓட்டையைப் பெரிதாக்கினார். அதோடு விட்டாரா? வண்டியில் போல்ட் ஏறுகிற அந்த இடத்தில் இருப்பது இன்ச் மரை. 5/8 இன்ச் என்றால் 15.9 மில்லி, பார்க்க 16 மாதிரிதான் இருக்கும், மரை வேறு. அதில் 16 மில்லி போல்ட்டை வைத்து, ஸ்பானருக்குப் பைப் போட்டு முறுக்கினார். இரண்டு சுற்று போனது. அப்புறம் மரை பொடிப்பொடியாகக் கொட்டியது. வார்ப்பிரும்பு, அப்பா பொத்திப் பொத்தி வைத்திருந்த வண்டி.

ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் டயர், பிளேடைத் தாங்குகிற டோசர் கையில் உரசுகிறது. ஒரு சக்கரம் வரப்பில் ஏறினால் முன் அச்சு சாய்ந்து நேராகவே இடிக்கிறது. சிமெண்டுத் தரையில், சக்கரம் நேராக நிற்கும்போது மட்டும் அளந்தால் வேறென்ன ஆகும்!

கேட்டதற்கு முதலில் "வெல்டர் லீவு" என்றார். அடுத்த வாரம் "உங்க சேஸ்தான் வளைஞ்சிருக்கு". அப்புறம் அவர் மச்சான் போனை எடுத்து, "செஞ்ச பொருளுக்குப் பணம் திரும்பாதுங்க" என்றார். மட்கார்டில் அவர் எழுதியதைப் படமெடுத்து அனுப்பினேன், இடது பக்க அளவு எங்கே என்று. நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. 42,000 ரூபாய். எங்களுக்கு அது ஒரு போக நெல்லில் கையில் நிற்கிற காசு.

எப்படி அளக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது முடியவில்லை. இதை மட்டுமாவது செய்யுங்கள். இரண்டு பக்கமும் தனித்தனியாக அளக்கச் சொல்லுங்கள், மூலைக்கு மூலை குறுக்களவும் பிடிக்கச் சொல்லுங்கள். ஓட்டையின் நடுவைக் கண்ணால் குறிக்க விடாதீர்கள். ஒரே அளவு ஓட்டைகள் என்றால் ஒன்றின் இடது விளிம்பிலிருந்து அடுத்ததன் இடது விளிம்பு வரை பிடித்தால் போதும். மாட்டுகிற தகட்டை முதலில் அட்டையில் வெட்டி வைத்துப் பாருங்கள். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் ஒடித்து, ஒரு சக்கரத்தை மேட்டில் ஏற்றிப் பாருங்கள். புள்ளி வெல்டிங் மட்டும் வைத்து வண்டியில் மாட்டிப் பார்த்த பிறகுதான் முழு வெல்டிங். போல்ட் இன்ச்சா மில்லியா என்று பழைய போல்ட்டைக் கழற்றிக் காட்டிக் கேளுங்கள்.

முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள்.