'எல்லாம் டிரான்ஸ்ஃபர் ஆகும்' என்று கவுன்சிலர் சொன்னால்: கலிபோர்னியா கம்யூனிட்டி காலேஜ் பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை

பிள்ளையைக் கம்யூனிட்டி காலேஜ் என்ற இரண்டு வருட அரசுக் கல்லூரியில் சேர்த்து, பிறகு யூ.சி.க்கு (கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு) மாற்றிக்கொள்ளலாம், அதாவது டிரான்ஸ்ஃபர் செய்யலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறீர்களா? கணக்கு நல்ல கணக்குதான். மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கு யூனிட்டுக்கு 46 டாலர் என்ற கட்டணத்தில் முதல் இரண்டு வருடப் படிப்பு முடிகிறது. பாடம் நடத்தியவர்கள் மேலும் எனக்குக் குறை கிடையாது. என் மகளுக்குக் கால்குலஸ் எடுத்தவரைப் போன்ற ஆசிரியர் பெரிய பல்கலைக்கழகங்களில்கூட அபூர்வம். என் கோபமெல்லாம் எந்தப் பாடங்களை எடுப்பது என்று மாணவருக்கு யோசனை சொல்லும், அதே கல்லூரியின் கவுன்சிலிங் அலுவலகத்தின் மேல். அங்கே கொடுத்த யோசனையால் அவளுக்கு ஒரு வருடம் போய்விட்டது. கல்லூரியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. மற்ற கல்லூரிகளிலும் இதே கதையைக் கேட்டிருக்கிறேன்.

2022 இலையுதிர் பருவத்தில் சேர்ந்தாள். கணினி அறிவியல் படிக்க வேண்டும், 2024 இலையுதிரில் யூ.சி.க்குப் போக வேண்டும் என்று முதல் சந்திப்பிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டாள். கவுன்சிலர் அரை மணி நேரத்தில் கல்வித் திட்டம் ஒன்றைத் தட்டிக் கொடுத்தார். "முதல் வருடம் ஐகெட்சியை முடித்துவிடு. மேஜர் (முதன்மைத் துறை) பாடங்களை இரண்டாம் வருடம் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்" என்பதுதான் அதன் சாரம். ஐகெட்சி என்பது ஆங்கிலம், சமூகவியல், கலை, வரலாறு என்று எல்லாத் துறையிலும் கொஞ்சம் கொஞ்சம் படிக்கும் பொதுக்கல்வித் தொகுப்பு. 2025 இலையுதிரிலிருந்து அதன் இடத்தில் கால்-கெட்சி என்ற 34 யூனிட் தொகுப்பு வந்திருக்கிறது. எந்த மேஜர் என்று இன்னும் முடிவு செய்யாத பிள்ளைக்கு இந்த யோசனை பொருந்தும். கணினி அறிவியல், பொறியியல், இயற்பியல் என்று போகிறவர்களுக்கு இதைவிட மோசமான யோசனை கிடையாது. பொறியியல் போல முன்பாடங்கள் நிறைய உள்ள மேஜர்களுக்குப் பொதுக்கல்வித் தொகுப்பை முன்னால் வைக்க வேண்டாம், மேஜருக்கான பாடங்களுக்கே முதலிடம் கொடுங்கள் என்று யூ.சி.யே சொல்கிறது.

காரணம் எளிது. சமூகவியலை எந்த செமஸ்டரிலும் எடுக்கலாம், கோடையிலும் எடுக்கலாம். கணிதமும் இயற்பியலும் அப்படி இல்லை. கால்குலஸ் ஒன்று முடிந்தால்தான் இரண்டு. இயக்கவியலுக்குக் கால்குலஸ் வேண்டும், மின்காந்தவியலுக்கு இயக்கவியல் வேண்டும். நிரல் எழுதும் முதல் வகுப்பு முடிந்தால்தான் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ். செமஸ்டருக்கு ஒரு படிதான் ஏற முடியும், எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளையாக இருந்தாலும். இதில் சில வகுப்புகள் வருடத்துக்கு ஒரு முறைதான் நடக்கும். ஒரு செமஸ்டர் தாமதித்தால் போவது ஒரு வருடம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, பெற்றோர் பலருக்கு இது தெரிவதில்லை. யூ.சி. விண்ணப்பத்தை அக்டோபர், நவம்பரில் அனுப்ப வேண்டும். இரண்டு வருடத்தில் மாறுகிற பிள்ளைக்கு அது மூன்றாவது செமஸ்டரின் நடுப்பகுதி. அதாவது விண்ணப்பம் போகும்போது கையில் இருப்பது முதல் வருட மதிப்பெண்கள் மட்டும்தான். மூன்றாவது செமஸ்டர் மதிப்பெண்களை ஜனவரியில் புதுப்பித்துக் கொடுக்கலாம், அவ்வளவுதான். கணினி அறிவியல் கேட்கும் பெண்ணின் முதல் வருடத்தில் கலை வரலாறும் பேச்சுத் தொடர்பும் வரிசையாக நின்றால், பார்க்கிறவர் என்ன நினைப்பார்?

இதற்கு மேல் ஒன்று நடந்தது. நிரல் எழுதும் வகுப்புகளில் எதை எடுக்கலாம் என்று என் மகள் போய்க் கேட்டாள். ஒன்றைக் காட்டி, "இது யூ.சி.க்கு டிரான்ஸ்ஃபர் ஆகும், எடுத்துக்கொள்" என்றார் கவுன்சிலர். பொய் இல்லை, ஆகத்தான் செய்தது. யூ.சி. அந்த வகுப்பின் யூனிட்டுகளை ஏற்றுக்கொண்டது, விருப்பப் பாடமாக. அவள் சேர விரும்பிய துறை கேட்ட முன்பாடத்துக்கு அது ஈடாகவில்லை. அதற்கு அதே கட்டிடத்தில், அதே நேரத்தில் நடந்த வேறு வகுப்பை எடுத்திருக்க வேண்டும்.

ஒரு வகுப்பு மூன்று வகையில் பயன்படலாம். யூனிட்டாக மட்டும் சேரலாம், பொதுக்கல்வியில் ஒரு கட்டத்தை நிரப்பலாம், மேஜரின் கட்டாயப் பாடத்துக்கு ஈடாகலாம். மூன்றுக்கும் கவுன்சிலர் சொல்லும் பதில் ஒன்றுதான்: டிரான்ஸ்ஃபர் ஆகும். நீங்கள் கேட்க வேண்டியது வேறு. எந்த வளாகத்தில், எந்த மேஜரில், எந்தப் பாடத்துக்கு ஈடாக? ஒரு வளாகத்தில் ஈடாகும் வகுப்பு இன்னொரு வளாகத்தில் ஈடாக வேண்டும் என்று கட்டாயமும் இல்லை.

இதற்குப் பதில் எழுத்தில் இருக்கும் ஒரே இடம் அசிஸ்ட் டாட் ஆர்க் என்ற தளம். கலிபோர்னியாவின் அரசுக் கல்லூரிகளுக்கும் யூ.சி., சி.எஸ்.யூ. (கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம்) வளாகங்களுக்கும் இடையிலான பாட ஒப்பந்தங்களை அதிகாரபூர்வமாக வைத்திருப்பது அதுதான். காசு கிடையாது, கணக்குத் திறக்கவும் வேண்டாம். உங்கள் கல்லூரி, போக வேண்டிய வளாகம், கல்வியாண்டு, மேஜர் என்று தேர்ந்தெடுத்தால் இடப்பக்கம் பல்கலைக்கழகத்தின் பாடம், வலப்பக்கம் உங்கள் கல்லூரியில் அதற்கு ஈடான பாடம் என்று வரிசையாக வரும். வலப்பக்கம் ஈடான பாடம் இல்லை என்று இருந்தால் உங்கள் கல்லூரியில் அது கிடையாது, பக்கத்துக் கல்லூரியில் தேட வேண்டும். இரண்டு பாடங்களை 'மற்றும்' போட்டு இணைத்திருந்தால் இரண்டையும் முடித்தால்தான் ஒன்றுக்கு ஈடு. இயற்பியல் மாதிரித் தொடர் பாடங்களில் பாதியை ஒரு கல்லூரியிலும் மீதியை இன்னொன்றிலும் எடுத்தால் சிக்கல் வரும். ஒப்பந்தம் வருடாவருடம் மாறும் என்பதால் எடுத்த வருடத்தின் பக்கத்தை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெளிமாநிலப் பல்கலைக்கழகங்கள் இந்தத் தளத்தில் வராது, தனியார் பல்கலைக்கழகங்களும் பெரும்பாலும் வராது.

இந்தத் தளத்தைப் பற்றி எங்கள் கவுன்சிலர் வாயைத் திறக்கவே இல்லை. சொன்னவர், மூன்றாவது செமஸ்டரில் நடந்த டிரான்ஸ்ஃபர் கண்காட்சிக்கு ஒரு யூ.சி. வளாகத்திலிருந்து வந்த பிரதிநிதி. மகளின் பாடப் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, "கணினி அறிவியலுக்கா விண்ணப்பிக்கப் போகிறாய்?" என்று இரண்டு தடவை கேட்டாராம். அன்று அவள் வீட்டுக்கு வந்து, "அம்மா, எனக்கு மூணாவது வருஷமும் இதே காலேஜ்தான்" என்றாள்.

அப்புறம் அதே அலுவலகத்தில் வேறொரு கவுன்சிலரிடம் போனாள். அவர் புதிதாக ஒரு பயத்தைக் கிளப்பினார். மூன்றாவது வருடம் படித்தால் 70 யூனிட்டைத் தாண்டிவிடும், யூ.சி. 'அதிக யூனிட்' என்று ஒதுக்கிவிடும் என்றார். இது சுத்தத் தவறு. கம்யூனிட்டி காலேஜில் மட்டுமே படித்தவர்களுக்கு 70 செமஸ்டர் யூனிட் என்பது உச்சவரம்பு. எத்தனை எடுத்தாலும் 70தான் கணக்கில் ஏறும், அதற்கு மேல் படித்த பாடங்களுக்குப் பாடம் முடித்த அங்கீகாரம் மட்டும் கிடைக்கும். அதை வைத்து யாரையும் தள்ளுவதில்லை. நடுவில் நான்கு வருடக் கல்லூரியில் படித்தவர்களுக்குத்தான் அந்தக் கவலை. பயந்துபோய் மின்காந்தவியலை விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த மகளிடம், இந்த விதியை யூ.சி.யின் பக்கத்திலேயே எடுத்துக் காட்டித்தான் நிறுத்த முடிந்தது.

சராசரி மதிப்பெண் (ஜி.பி.ஏ.) 2.4 இருந்தால் போதும் என்பது இன்னொரு வாசகம். கலிபோர்னியாவில் குடியிருப்பவர்கள் யூ.சி.க்கு விண்ணப்பிக்கவே தேவையான குறைந்தபட்சம் அது. வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு 2.8. கணினி அறிவியலில் இடம் வாங்கித் தருகிற எண் இல்லை அது. சி.எஸ்.யூ. பக்கம் சொல்லப்படும் ஏ.டி.டி. பட்டமும் (டிரான்ஸ்ஃபருக்கென்றே கம்யூனிட்டி காலேஜ் தரும் பட்டம்) அப்படித்தான். ஏதாவதொரு சி.எஸ்.யூ. வளாகத்தில் இடம் உறுதி, நீங்கள் விரும்பும் வளாகத்தில் உறுதி இல்லை.

சரி, கேட்டுவிடலாம் என்று நானே கவுன்சிலிங் அலுவலகத்தைக் கூப்பிட்டேன். பேசவே முடியாது என்றார்கள். அதில் அவர்கள் மேல் குற்றமில்லை. ஃபெர்ப்பா என்கிற, மாணவர் பதிவேடுகளுக்கான 1974-ஆம் வருடச் சட்டப்படி, பிள்ளை கல்லூரியில் சேர்ந்ததும் பதிவேடுகள் மேலான உரிமை பிள்ளையுடையது. 18 வயது ஆகாவிட்டாலும் அப்படித்தான். பெரும்பாலும் பிள்ளை எழுதிக் கொடுத்தால்தான் நம்மிடம் பேசுவார்கள். இதே சட்டம் நமக்கும் உதவுகிறது. தன்னைப் பற்றிக் கல்லூரி வைத்திருக்கும் பதிவுகளைப் பார்க்க மாணவர் கேட்கலாம். என் மகள் கேட்டு, பழைய கல்வித் திட்டங்களின் நகலை வாங்கினாள். முதல் திட்டத்தில் மேஜர் என்ற இடத்தில் கணினி அறிவியல் என்று பளிச்சென்று இருந்தது. கீழே முதல் வருடத்தில் ஒரு நிரல் வகுப்புகூட இல்லை.

அதை இணைத்து டீனுக்கு எழுதினாள். மரியாதையாகப் பதில் வந்தது. வருந்துகிறோம், ஆனால் பாடத் தேர்வின் இறுதிப் பொறுப்பு மாணவருடையது என்று கல்லூரிக் கையேட்டில் அச்சிட்டிருக்கிறோம் என்று முடித்திருந்தார்கள். இருக்கிறது, பார்த்தேன். இப்படி ஒரு வரியை அச்சிட்டுவிட்டு அந்த மேசையில் ஆலோசகர் என்ற பெயர்ப் பலகையை வைப்பது எனக்குப் புரியவில்லை. ஒரு கவுன்சிலருக்கு எத்தனையோ மாணவர்கள், அவருக்கும் நெருக்கடி என்று சிலர் சொல்வார்கள். இருக்கட்டும். தெரியாததை 'அசிஸ்டில் பார்த்துக்கொள்' என்று சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது.

இப்போது சேர்கிற பிள்ளைகள் முதல் சந்திப்புக்குப் போகும்போதே அசிஸ்ட் பக்கத்தைக் கையில் கொண்டுபோகட்டும். போக நினைக்கும் மூன்று நான்கு வளாகங்களின் ஒப்பந்தத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எல்லாவற்றுக்கும் பொதுவான பாடங்களை முதலில் எடுக்கட்டும். கணிதமும் முதல் நிரல் வகுப்பும் முதல் செமஸ்டரிலேயே இருக்க வேண்டும், ஆங்கிலத்தையும் கூடவே வைத்துக்கொள்ளலாம். கவுன்சிலர் வாயால் சொன்னதை அன்றே மின்னஞ்சலில் எழுதி, 'நீங்கள் சொன்னது இதுதானே?' என்று பதில் வாங்குங்கள். அந்தப் பதிலை யூ.சி. மதிக்கப்போவதில்லை. ஆனால் எழுதிக் கேட்டதும் பதில்கள் சட்டென்று கவனமாக வரத் தொடங்குவதைப் பார்த்தோம். யூ.சி. டேப் என்ற இலவசத் திட்டமிடும் கருவியில் பாடங்களை ஏற்றி வைப்பதும் நல்லது. வளாகப் பிரதிநிதிகள் கல்லூரிக்கு வரும் நாட்களை டிரான்ஸ்ஃபர் சென்டரில் கேட்டு, முதல் வருடமே பாருங்கள்.

இந்தியாவிலிருந்து எஃப்-1 மாணவர் விசாவில் நேராகக் கம்யூனிட்டி காலேஜுக்கு வருகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். செமஸ்டருக்கு 12 யூனிட் குறையக் கூடாது, அதில் ஆன்லைன் வகுப்பு ஒன்றுதான் கணக்கில் வரும். தவறான வகுப்பு என்று தெரிந்தாலும் நடுவில் விட்டுவிட முடியாத நிலை. 46 டாலர் மட்டும் கட்டினால் போதும் என்பதும் அவர்களுக்குக் கிடையாது.

கடைசியாக, தனியார் ஆலோசகர்கள். கல்லூரி கைவிட்ட நேரத்தில், வாட்ஸாப் குழு ஒன்றில் 'நம்ம ஆள்' என்று ஒருவரைச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டங்களில் ஸ்லைடு போட்டுப் பேசுகிறவர். "மேடம், கவலையே படாதீங்க. டேக் போட்டு பெர்க்லியில உட்கார வெச்சிடறேன்" என்றார். முன்பணம் 500 டாலர். என் கணவர் அனுப்பிய பிறகுதான் டேக் என்றால் என்ன என்று மகள் யூ.சி. பக்கத்தில் தேடினாள். அது நிபந்தனைகளை முடித்தால் இடம் உறுதி என்னும் ஒப்பந்தம். டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய 6 வளாகங்களில் மட்டும் உண்டு. பெர்க்லி, யூ.சி.எல்.ஏ., சான் டியாகோவில் கிடையாது. ஒரு வளாகத்துக்குத்தான் போடலாம், சில வளாகங்கள் போட்டி அதிகமான மேஜர்களை அதில் சேர்ப்பதில்லை. போட வேண்டியது செப்டம்பர் 1 முதல் 30 வரை. அவர் எங்களிடம் பேசியது அக்டோபரில்.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். "சர்வீஸ் ஸ்டார்ட் ஆயிடுச்சு மேடம்" என்று ஒரு வரி வந்தது, அதற்குப் பிறகு பதிலே இல்லை. அவர் ஜெல் என்ற, வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பணம் அனுப்பும் வசதியில் மட்டும்தான் பணம் வாங்குகிறார். கிரெடிட் கார்டு என்றால் தகராறு எழுப்பிப் பார்க்கலாம். ஜெல்லில் நாமே அனுப்பிய பணம் என்பதால் வங்கி கையை விரித்துவிட்டது.