மாத்திரையா, இன்சுலினா? கர்ப்பகாலச் சர்க்கரைக்கு நான் எடுத்த முடிவு

சாப்பாட்டைக் குறைத்து, சாப்பிட்டபின் நடந்தும் வெறும் வயிற்றுச் சர்க்கரை 95-க்குக் கீழே வராதபோதுதான் இந்தக் கேள்வியே எழும். டாக்டர் இரண்டையும் சொன்னார். நான் இன்சுலின் போட்டுக்கொண்டேன். என் நாத்தனார் மெட்ஃபார்மின் மாத்திரையில் ஆரம்பித்தவள். மாத்திரையைப் பற்றி நான் எழுதுவதெல்லாம் அவளைப் பக்கத்தில் இருந்து பார்த்ததுதான், அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரையின் வசதி தெரிந்ததே. ஊசி இல்லை, ஃபிரிட்ஜ் வேண்டாம், சர்க்கரை திடீரென்று இறங்கும் பயமும் குறைவு. முதல் சில நாட்கள் குமட்டலும் வயிற்றுப்போக்கும் படுத்தும். மருந்து நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்கும் போகும், இன்சுலின் போகாது. பலர் இதை வைத்தே முடிவெடுக்கிறார்கள். எனக்கு இது இரண்டாம்பட்சம்தான்.

என்னை இழுத்தது வேறு. ஆறாம் மாதத்துக்குமேல் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினை வேலை செய்யவிடாது. வாரம் போகப் போகத் தேவை கூடிக்கொண்டே வரும். மாத்திரைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. இன்சுலினில் எந்த வேளை உதைக்கிறதோ அந்த வேளையை மட்டும் சரிசெய்யலாம். காலை இட்லி சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120-ஐத் தாண்டுகிறதா, காலை டோஸில் 2 யூனிட் கூட்டச் சொல்வார்கள். ராத்திரி டோஸில் கை வைக்க மாட்டார்கள். விடிகாலை எண் மட்டும் ஏறினால் ராத்திரி ஊசியைக் கூட்டுவார்கள். குளுக்கோமீட்டர் நோட்டைப் பார்த்தே போனில் சொல்லிவிடுவார் டாக்டர். ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் நடந்து 2008-ல் வெளியான பெரிய ஆய்வில் மெட்ஃபார்மின் எடுத்தவர்களில் 46 சதவீதம் பேருக்குக் கடைசியில் இன்சுலினும் சேர்க்க வேண்டிவந்தது. குழந்தைகளுக்குச் சிக்கல் கூடவில்லை என்பதையும் அதே ஆய்வுதான் சொன்னது. நாத்தனாருக்கும் எட்டாம் மாதத்தில் ராத்திரி ஊசி வந்தது.

இன்சுலினில் தொல்லை இல்லாமல் இல்லை. சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை இறங்கி வியர்க்கும், கை நடுங்கும். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட வேண்டும். அதைவிட முக்கியம் சிரிஞ்சு. நம் ஊர்க் கடைகளில் குப்பி பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட் வகை, அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. ஆரஞ்சு மூடி 100 யூனிட்டுக்கு. மாற்றிக் கொடுத்தால் டோஸே மாறிவிடும், கடையிலேயே மூடியைப் பார்த்து வாங்குங்கள். பேனா இருந்தால் இந்தக் குழப்பம் இல்லை, ஆனால் செலவு அதிகம்.

வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை, வேளைக்குச் சாப்பிட முடியாத வேலை, சர்க்கரையும் எல்லையைக் கொஞ்சம்தான் தாண்டியிருக்கிறது என்றால், நானும் டாக்டரிடம் முதலில் மாத்திரையைத்தான் கேட்டிருப்பேன். எந்தப் பக்கம் போனாலும் விரலைக் குத்திப் பார்க்கிற வேலையும் ஸ்ட்ரிப் செலவும் ஒன்றுதான்.