தாயினோவும் மாயாவும்: ஓர் இணையப் பாடத் தொகுப்பைப் பார்த்து முடித்தபின்

கரீபியன் தீவுகளின் தாயினோ, மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் வாழ்ந்த மாயா ஆகிய இரு மக்களின் வணிகத்தையும் அன்றாட வாழ்வையும் ஒப்பிடுவதாகச் சொல்லும் ஆறு காணொளிகள் கொண்ட பாடத் தொகுப்பு ஒன்றைக் கட்டணம் செலுத்திப் பார்த்தேன். இரண்டாம் காணொளிக்கே கொடுத்த பணம் தகும். ஆனால் ஒப்பீட்டில் மனம் நிறையவில்லை.

தாயினோ மக்கள் கசப்பு மரவள்ளியை உணவாக்கிய விதத்தை அந்தக் காணொளி அவசரமின்றிக் காட்டுகிறது. துருவிய கிழங்கை நாரால் பின்னிய நீண்ட குழாய்ப் பையில் திணித்து, மேலே கட்டித் தொங்கவிட்டு, கீழ்முனையை இழுத்துப் பிழிய, நச்சுச் சாறு சொட்டுச் சொட்டாக வடிகிறது. எஞ்சியதை உலர்த்திச் சலித்து, வட்டமான மண் கல்லில் அடைபோலப் பரப்பிச் சுட்டால், மாதக்கணக்கில் கெடாத கசாபே ரொட்டி கிடைக்கிறது. மரவள்ளியை அவித்துத் தின்றே பழகிய நமக்கு இத்தனை பக்குவம் புதிது.

மாயா மக்களைப் பற்றிய பகுதியில், மெக்சிகோவிலுள்ள பண்டைய மாயா நகரான கலக்முலின் சுவரோவியங்கள் அருமை. நீல மெல்லாடைப் பெண்ணொருத்தி இன்னொருத்தியின் தலைமேலுள்ள பெரிய பானைக்குக் கைகொடுக்கிறாள். ‘உப்புக்காரர்’, ‘மக்காச்சோளக் கஞ்சிக்காரர்’ என்று ஆட்களை எழுத்திலேயே குறித்திருக்கிறார்கள்.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. அந்த ஓவியங்கள் ஏறத்தாழ 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை; தாயினோ பற்றிய செய்திகளோ 1492க்குப் பின் ஸ்பானியர் எழுதியவை. எண்ணூறு ஆண்டு இடைவெளியைச் சொல்லாமலே இரண்டையும் அருகருகே நிறுத்தி, மாயாவுக்கு மக்காச்சோளம், தாயினோவுக்கு மரவள்ளி என்று பிரித்தும் விடுகிறார்கள். மாயா உலகின் தென்கிழக்கு ஓரத்தில், எல் சால்வடாரின் ஹோயா தெ செரெனில், எரிமலைச் சாம்பலுக்கடியில் மரவள்ளி வயலே 2007இல் வெளிப்பட்டதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

நேர்மையான ஒப்பீட்டுக்கு 1502 போதுமாயிருந்தது. அவ்வாண்டு ஹொண்டுராஸுக்கு அப்பாலுள்ள குவானஹா தீவருகே, பெரும்பாலும் மாயா வணிகருடையது எனக் கருதப்படும் பெரிய தோணியைக் கொலம்பஸ் கண்டார். பருத்தித் துணி, செப்புக் கோடரி, கொக்கோ விதை எனச் சரக்கு நிறைந்திருந்தது. விதைகள் சிந்தியபோது தோணியிலிருந்தோர் கண்ணே கழன்று விழுந்ததுபோலக் குனிந்து பொறுக்கினர் என்று அவர் மகன் பெர்னாண்டோ எழுதினார். தாயினோ தலைவர்கள் அணிந்த குவானின் என்னும் பொன்-செம்புக் கலவை நகைகளும் தென் அமெரிக்கப் பக்கமிருந்து கடல்வழி கைமாறி வந்தவையே. இருசாராரின் கடல் வணிகத்தையும் சேர்த்துப் பேச இதைவிட வாகான இடம் ஏது? தொகுப்பு இதற்கு ஒதுக்கியது இரண்டே நிமிடம்.

இரண்டாம், நான்காம் காணொளிகளைத் தயங்காமல் பார்க்கலாம். இறுதியில் வரும் வினாத்தாள், இருவரில் ‘முன்னேறியவர்’ யார் என்று கேட்டது, விடையளிக்காமல் மூடிவிட்டேன்.