இழுவைக்கு பிக்கப் வாங்குவதென்றால் முதலில் கதவைத் திறந்து பாருங்கள்

அமெரிக்கச் சந்தையில் விற்கிற பிக்கப் ட்ரக்குகளின் விளம்பரத்தில் பெரிதாக அச்சாகும் எண் ஒன்றுதான்: எத்தனை பவுண்டு எடையுள்ள ட்ரெய்லரை இழுக்கும் என்பது. வாங்குபவரைத் தவறான வண்டியில் கொண்டுபோய் நிறுத்துவதும் அதே எண்தான். அது பொய் இல்லை. வாகனப் பொறியாளர் அமைப்பான எஸ்ஏஇ வகுத்த ஜே2807 என்ற இழுவைத் தரப்படி சோதித்துத்தான் போடுகிறார்கள். அரிசோனாவின் டேவிஸ் டாம் ஏற்றத்தில் ஏறத்தாழ 11 மைல், 100 டிகிரி பாரன்ஹீட் வெயில், ஏசி முழு வீச்சில். இத்தனைக்கும் நடுவே வேகம் மணிக்கு 40 மைலுக்குக் கீழே இறங்கக் கூடாது. ஆனால் அந்தக் கணக்கில் வண்டிக்குள் இருப்பவர்கள் தலா 150 பவுண்டு எடையுள்ள இரண்டே பேர். பிள்ளைகள், ஐஸ் பெட்டி, ஜெனரேட்டர், பின்தொட்டியின் மூடி எதற்கும் அதில் இடமில்லை. போதாததற்கு, அந்த உச்ச எண் பெரும்பாலும் அலங்காரம் குறைந்த, எடை குறைந்த ஒரு வகைக்கு மட்டும் உரியது.

உண்மையில் தீர்மானிக்கிற எண், ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் டயர் ஸ்டிக்கரில் இருக்கிறது. ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்ற வரி. அதுதான் பேலோடு. ட்ரெய்லரை மாட்டும் இணைப்பான ஹிட்ச்சின் மேல் அது அழுத்துகிற எடையும் இதற்குள்தான் அடங்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாமான் ஏற்றிய ட்ரெய்லர் 7,000 பவுண்டு. ஹிட்ச்சின் மேல் அது அழுத்துவது 10 முதல் 15 சதவீதம். 13 என்று வைத்தால் 910. அந்த அழுத்தத்தை ஆக்ஸில்களுக்குப் பகிரும் ஹிட்ச்சின் சொந்த எடை 90. குடும்பம் நாலு பேர் 600. பின்னால் சில்லறைச் சாமான் 150. மொத்தம் 1,750 பவுண்டு. 11,000 பவுண்டு இழுக்கும் என்று விளம்பரப்படுத்தும் அரை டன் வண்டியின் (எஃப்-150, ராம் 1500 ரகம்) உயர்ரக நான்கு கதவு வகையில் ஸ்டிக்கர் 1,400 காட்டுவது சாதாரணம். சன்ரூஃப், தோல் இருக்கை, மின்சாரப் படி, பெரிய சக்கரம் எல்லாமே பேலோடைத் தின்றுதான் வருகின்றன. ஒரே மாடலில் இரண்டு வண்டிகளுக்கு நடுவே 400, 500 பவுண்டு வித்தியாசம் வரும். அதனால் இணையத்தில் மாடலைத் தேர்ந்தெடுத்தால் போதாது. கையெழுத்துப் போடப்போகிற அந்த ஒரு வண்டியின் ஸ்டிக்கரைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கும் விற்பனையாளரிடம் அடுத்த கேள்வி கேட்க வேண்டியதில்லை.

பேலோடு போதவில்லை என்றதும் பலர் செய்யும் தவறு, ட்ரெய்லரில் சாமானைப் பின்னுக்குத் தள்ளுவது. ஹிட்ச் எடை 10 சதவீதத்துக்குக் கீழே போனால் ட்ரெய்லர் வாலாட்டத் தொடங்கும். நெடுஞ்சாலை வேகத்தில் அது வண்டியையே கவிழ்த்துவிடும்.

அடுத்தது ஆக்ஸில் விகிதம், அதாவது சக்கரம் ஒருமுறை சுற்ற இன்ஜின் பக்கத்துத் தண்டு எத்தனை முறை சுற்ற வேண்டும் என்பது. ராம் 1500-இல் 3.21, 3.92 இரண்டும் உண்டு. ஃபோர்டு எஃப்-150-இல் 3.73 கிடைக்கும். பெரிய எண் இழுவைக்கு, சிறிய எண் எரிபொருள் சிக்கனத்துக்கு. ஷோரூமில் நிற்பவை பெரும்பாலும் சிறிய எண்ணோடு வருபவை. வாங்கிய பிறகு மாற்றுவது, நான்கு சக்கர இயக்க வண்டியில், இரண்டு ஆக்ஸிலையும் பிரிக்கிற வேலை, செலவுக்குக் கட்டாது. இழுவைத் தொகுப்பைக் கம்பெனியிலேயே போட்டு வாங்குங்கள். ட்ரெய்லருக்கான ஏழு முனை மின் இணைப்பும் ட்ரெய்லர் பிரேக் கன்ட்ரோலரும் பின்னால் சேர்த்துவிடலாம். கூடுதல் குளிர்விப்பும் ஹிட்ச் செருகும் தடித்த ரிசீவரும் அப்படி எளிதல்ல.

இன்ஜின் விஷயத்தில், நீண்ட ஆயுள் என்ற ஒரே அளவுகோலை வைத்தால், அரை டன் வண்டிகளில் முழு மனதோடு பரிந்துரைக்க எதுவுமில்லை. ஜிஎம்மின் 6.2 லிட்டர் வி8 (எல்87) 2025 ஏப்ரலில் ஏறத்தாழ 6 லட்சம் வண்டிகளோடு திரும்ப அழைக்கப்பட்டது. கனெக்டிங் ராட், கிராங்க்ஷாஃப்ட் கோளாறு. சோதனையில் தேறியவற்றுக்கு 0டபிள்யூ-20-க்குப் பதில் இன்னும் கெட்டியான 0டபிள்யூ-40 ஆயில் ஊற்றிக் கொடுத்தார்கள். அதன் தம்பி 5.3-இல் சிலிண்டர்களை நிறுத்தி ஓட்டும் அமைப்பில் வால்வைத் தள்ளும் லிஃப்டர்கள் ஒட்டிக்கொண்டு கேம்ஷாஃப்டையும் கெடுப்பது பழைய கதை. டொயோட்டா டன்ட்ரா என்றால் கண்ணை மூடி வாங்கலாம் என்ற நம்பிக்கை 5.7 லிட்டர் வி8-ஓடு போயிற்று. 2022 மாடலில் வந்த இரட்டை டர்போ வி6-க்குள் தயாரிப்பின்போது தங்கிய உலோகத் துகள் பேரிங்கைத் தின்றதால் 2024-இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. பரிகாரம், இன்ஜினையே மாற்றுவது. ஃபோர்டின் 3.5 டர்போவுக்கு இழுக்கும் திறனில் குறை சொல்ல முடியாது, 2017 முதல் 2020 வரையிலானவற்றில் குளிர்ந்த ஸ்டார்ட்டில், வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் கேம் ஃபேசர் சத்தம் போடும். டர்போவுக்கு ஒரு நியாயம் உண்டு: உயரம் ஏற ஏற, ஒவ்வொரு 1,000 அடிக்கும் டர்போ இல்லாத இன்ஜின் சுமார் 3 சதவீத சக்தியை இழக்கும். மலைப்பகுதியில் அடிக்கடி இழுப்பவருக்கு இது சிறிய விஷயமில்லை.

அரை டன்னில்தான் வாங்குவேன் என்பவருக்கு எஃப்-150-இன் 5.0 வி8, 3.73 ஆக்ஸில், நடுத்தர வகை. 2018 முதல் சில ஆண்டுகளில் ஆயில் குடித்த குறை அதற்கும் உண்டு. ஆனாலும் டர்போவும் அதன் குழாய்களும் இல்லை என்பதே ஒரு நிம்மதி. சுமையோடு ட்ரெய்லர் 5,000, 6,000 பவுண்டுக்குள் நின்றால் இது போதும்.

அதைத் தாண்டினால் அடுத்த பெரிய ரகமான முக்கால் டன்னுக்குப் போங்கள், பெட்ரோலில். ஃபோர்டு சூப்பர் டூட்டியின் 7.3 லிட்டர், செவ்ரோலே சில்வராடோ 2500-இன் 6.6 லிட்டர். இரண்டும் 2020 மாடலில் வந்தவை. இரும்பு பிளாக், டர்போ இல்லை, சிலிண்டர் நிறுத்தும் வித்தை இல்லை. 7.3-இல் எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர்கள் வால்வுக்கு முன்னால் காற்று வரும் வழியில் (போர்ட்) இருப்பதால் வால்வில் கரி படியும் தொல்லையும் குறைவு. பேலோடு பல வகைகளில் 3,000 பவுண்டைத் தாண்டும். பெட்ரோல் நிறையக் குடிக்கும், அதை மறைக்க முடியாது. சுமையில்லாதபோது சவாரியும் கட்டை. 7,000 பவுண்டை இழுக்கும்போது பாதித் திறனில் ஓடுகிற இன்ஜினும், எல்லையைத் தொட்டு ஓடுகிற இன்ஜினும் 1,50,000 மைலில் ஒரே நிலையில் இருக்காது.

டீசல் 12,000 பவுண்டுக்கு மேல் வாரந்தோறும் இழுப்பவருக்கு. இன்ஜின் எடை பல நூறு பவுண்டு கூடுவதால் பேலோடு அவ்வளவு குறையும். குறுகிய தூரம் ஓட்டினால் புகைவடிகட்டி சூடேறித் தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்ய நேரம் கிடைக்காமல் அடைத்துக்கொள்ளும். எந்த எரிபொருள் பம்ப் என்று கட்டாயம் கேளுங்கள். உயர் அழுத்தத்தில் டீசலைத் தள்ளும் சிபி4 வகை பம்ப் உடைந்தால் உலோகத் தூள் ரெயில், இன்ஜெக்டர், குழாய் எல்லாவற்றிலும் பரவி, முழு அமைப்பையும் மாற்ற வைக்கும். ராம் 2019, 2020 கம்மின்ஸில் இதைப் போட்டுவிட்டு, பிறகு திரும்ப அழைத்துப் பழைய சிபி3-ஐ மாட்டியது.

வாங்கியதும் மறுநாளே ட்ரெய்லரை மாட்டாதீர்கள். ஆக்ஸிலுக்குள் இருக்கும் புது டிஃபரன்ஷியல் கியர்கள் பதிய 500 முதல் 1,000 மைல் வரை சுமையின்றி ஓட்டச் சொல்லிக் கையேட்டிலேயே போட்டிருக்கிறார்கள். முதல் பயணத்துக்கு முன் லாரி எடைமேடையில் ஏற்றுங்கள்: ட்ரெய்லரோடு ஒருமுறை, தனியாக ஒருமுறை. பின் ஆக்ஸில் எடை, அதே கதவுத் தூணில் உள்ள இன்னொரு ஸ்டிக்கர் காட்டும் வரம்பைத் தாண்டுகிறதா என்று அந்தச் சீட்டு சொல்லிவிடும். இழுப்பவர் இன்ஜின் ஆயிலை 5,000 மைலில் மாற்ற வேண்டும். டேஷ்போர்டு காட்டும் சதவீதத்தை நம்பிக் காத்திருக்க வேண்டாம். கியர்பாக்ஸ் ஆயில் ஆயுளுக்கும் போதும் என்று சொன்னாலும் 50,000 மைலில் மாற்றிவிடுங்கள். பின் டிஃபரன்ஷியல் ஆயிலைப் பெரும்பாலான சர்வீஸ் மையங்கள் தாமாக நினைவூட்டுவதில்லை. கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.