கடைசி வரிசை வரை எட்டும் இசை: ராக் திருவிழாக்கள் பற்றி ஒரு நெடுநாள் ரசிகனின் மதிப்பீடு

திறந்தவெளி ராக் திருவிழாவுக்குச் சீட்டு வாங்குபவர்களில் பெரும்பாலோர், சுவரொட்டியின் உச்சியில் எந்தக் குழுவின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது என்று பார்த்தே முடிவெடுக்கிறார்கள். அதில் தவறேதும் இல்லை. பிடித்த குழுவைக் கேட்கத்தானே போகிறோம். ஆனால் பல ஆண்டுகளாக இத்தகைய விழாக்களில் வெயிலிலும் மழையிலும் நின்று பழகியவன் என்ற முறையில், ஒரே குழு ஏறத்தாழ ஒரே பாடல் வரிசையை இரண்டு விழாக்களில் வாசித்தும், ஒன்று நெஞ்சில் தங்கிவிட, மற்றது வெறும் இரைச்சலாகக் கழிந்ததை நான் கண்டிருக்கிறேன். குழுவின் வாசிப்பில் குறை இருக்கவில்லை. மேடைக்கு வெளியே நடத்துநர்கள் செய்த வேலைகளிலும் செய்யாமல் விட்ட வேலைகளிலும்தான் அந்த வேறுபாடு இருந்தது. ஆகவே இங்கே நான் எடை போடுவது கலைஞர்களை அல்ல; ராக் திருவிழா என்ற சேவையை. என் அளவுகோல் ஒன்றுதான்: மேடையிலிருந்து மிகத் தொலைவில் நிற்பவருக்கு, அவர் கொடுத்த பணத்துக்கு என்ன கிடைக்கிறது?

முதலில் ஒலி. ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. மேடைக்கு 100 மீட்டர் பின்னால் நிற்பவருக்கு ட்ரம் அடி ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 0.3 நொடி தாமதமாகத்தான் வந்து சேரும். அந்தத் தொலைவில் முதன்மை ஒலிபெருக்கிகளின் வீச்சும் தளர்ந்திருக்கும் என்பதால், பெரிய திடல்களில் நடுவழியில் துணை ஒலிக்கோபுரங்களை நிறுத்துகிறார்கள். மின்கம்பி வழியாக அந்தக் கோபுரங்களுக்கு இசை நொடிப்பொழுதில் போய்விடும். ஆகவே மேடையிலிருந்து காற்றில் வரும் ஒலி அந்த இடத்தை எட்டும் வரை அதைக் கணக்கிட்டுத் தாமதப்படுத்தியே ஒலிக்கவிட வேண்டும். அந்தக் கணக்கு சரியாக இருந்தால் கோபுரம் இருப்பதே நமக்குத் தெரியாது; பாட்டு மேடையிலிருந்தே தெளிவாக வருவதுபோல் இருக்கும். கணக்கு பிசகினால் ஒவ்வோர் அடியும் இரண்டாகக் கேட்கும்.

அப்படிப் பிசகிய ஒரு விழாவில் நான் நின்றிருக்கிறேன். ஸ்நேர் ட்ரம்மின் அடி ‘டக்-டக்’ என்று இரட்டையாக விழுந்தது. பாடகரின் ஒவ்வொரு சொல்லையும் அதே சொல்லின் நிழல் துரத்தியது. வேகமான பாடல்களில் தாளத்தை எங்கே பிடிப்பது என்றே தெரியவில்லை. சுற்றிலும் இருந்தவர்கள் கைதட்ட முயன்று, ஆளுக்கொரு தாளத்தில் தட்டி, பிறகு நிறுத்திவிட்டார்கள். விழா முடியும் வரை அதை யாரும் சரிசெய்யவில்லை. கோபுரத்தடியில் ஓர் ஒலிப்பொறியாளர் இரண்டு பாடல்களின் நேரம் நின்று கேட்டிருந்தால் போதும், தெரிந்திருக்கும். பின்வரிசையில் இருந்தவர்களும் மற்றவர்களைப் போல முழுக் கட்டணம் செலுத்தியவர்களே என்பதை நினைக்கும்போது, இதைச் சிறு குறையாக என்னால் கருத முடியவில்லை.

இந்த வேலை எளிதல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். வெப்பநிலை ஒரு பாகை செல்சியஸ் கூடினால் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் கூடும். சுட்டெரிக்கும் பிற்பகலில் சரிபார்த்த கோபுரம், குளிர்ந்த இரவில் சில மில்லி நொடிகள் முந்திக்கொள்ளும். காற்று குறுக்கே வீசினால் கிட்டார் ஓசை அலையலையாக வந்து வந்து மறையும்; காற்றின் ஈரப்பதத்தைப் பொறுத்து, சிம்பலின் மேல்சுரங்கள் தொலைவுக்கு எட்டுவதும் மாறும். நல்ல விழாக்களில் ஒலிக்குழுவினர் கையில் டேப்லெட்டுடன் திடலின் ஓரங்கள் வரை நடந்து கேட்டு, அங்கிருந்தே திருத்துவதை நான் பார்த்திருக்கிறேன். முன்பின் தெரியாத ஒரு விழாவில் அப்படி ஒருவர் கூட்டத்தின் விளிம்பில் நின்று கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தால், அந்த விழாவின் மீது எனக்கு உடனே நம்பிக்கை பிறந்துவிடும்.

எங்கே நிற்பது என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: கூட்டத்தின் நடுவே ஒலிக்கலவை மேசை இருக்கும் கூடாரத்துக்குச் சற்றுப் பின்னால். அங்கே இருப்பவரின் காதுக்கு ஏற்பத்தான் முழு இசையும் அமைக்கப்படுகிறது. மேடையை ஒட்டிய முதல் வரிசையில் கலைஞரின் விரல் அசைவைக் காணலாம். அந்த இன்பத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இருபுறமும் உயரத்தில் வளைவாகத் தொங்கும் ஒலிபெருக்கி வரிசைகளின் ஒலி உங்கள் தலைக்கு மேலேயே கடந்துபோய்விடும். உங்களுக்குக் கேட்பது பெரும்பாலும் மேடையிலிருந்தே வரும் கிட்டார் ஆம்ப்ளிஃபையரும் ட்ரம்மும்தான். குரல் அடியில் புதைந்து கிடக்கும். முன்வரிசையினருக்கென்று மேடை விளிம்பில் சிறு ஒலிபெருக்கிகளை அடுக்கிவைக்கும் விழாக்கள் இந்தக் குறையை அறிந்து நடத்தப்படுபவை.

ஒலியின் அளவைப் பற்றி வெளிப்படையாகப் பேச ராக் ரசிகர்கள் பலரும் தயங்குகிறோம். உரக்கக் கேட்பதே ராக் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிவிட்டது. ஆனால் காது அதை ஒப்புக்கொள்வதில்லை. அமெரிக்கத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனமான நியோஷின் பரிந்துரைப்படி 85 டெசிபல் ஒலியை நாளுக்கு 8 மணி நேரம் கேட்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். அந்தக் கணக்கின்படி 100 டெசிபலில் 15 நிமிடங்களே மிஞ்சும். விழாவிலோ நாம் பகல் முழுவதும் நிற்கிறோம். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட நெறிமுறை, இசை அரங்குகளில் சராசரி ஒலியளவு 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்றும், அதைத் தொடர்ந்து அளந்து கண்காணிக்க வேண்டும் என்றும், காதுக் காப்பும் ஓய்வெடுக்க அமைதியான இடமும் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நுழைவாயிலிலேயே காதடைப்பான்களை இலவசமாகத் தரும் விழாவுக்கு நான் கூடுதல் மதிப்பெண் தருகிறேன். அங்கே கிடைக்கும் மெத்தைப் பஞ்சு அடைப்பான் காதைக் காக்கும். ஆனால் மேல்சுரங்களை அதிகம் விழுங்கி இசையை மந்தமாக்கிவிடும். இசைக் கலைஞர்களுக்கென்று வடிகட்டியுடன் செய்யப்படும் அடைப்பான்கள் எல்லாச் சுரங்களையும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைப்பதால், பாடல் பாடலாகவே கேட்கிறது. அடிக்கடி விழாவுக்குப் போகிறவர்கள் சட்டை வாங்கும் பணத்தில் முதலில் அதை வாங்கிவிடலாம்.

கூட்டத்தைக் கையாள்வதில் குறை வைக்கும் விழாவை, இசை எவ்வளவு நன்றாக இருந்தாலும் நான் மன்னிப்பதில்லை. இங்கிலாந்தின் டொனிங்டன் பார்க்கில் 1988-இல் நடந்த மான்ஸ்டர்ஸ் ஆஃப் ராக் விழாவில் கன்ஸ் அண்ட் ரோசஸ் வாசித்தபோது நெரிசலில் இரண்டு ரசிகர்கள் இறந்தார்கள். டென்மார்க்கின் ரொஸ்கில்டே விழாவில் 2000 ஜூன் 30 அன்று பேர்ல் ஜாம் மேடையில் இருந்தபோது, மழையில் நனைந்து வழுக்கிய திடலில் விழுந்தவர்கள் மீது கூட்டம் அமுங்கியதில் ஒன்பது இளைஞர்கள் உயிரிழந்தார்கள். பாட்டுக் கேட்க வந்தவர்கள் அவர்கள். என்னையும் உங்களையும் போன்றவர்கள். ரொஸ்கில்டே அதன்பின் மேடைக்கு முன்னுள்ள இடத்தைத் தடுப்புகளால் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் குறிப்பிட்ட எண்ணிக்கையினரை மட்டுமே அனுமதிக்கத் தொடங்கியது. பின்னால் இருப்பவர்களின் தள்ளல் முன்னால் இருப்பவர்களின் மார்பில் இறங்காமல் அந்த இடைத்தடுப்பு தாங்கிக்கொள்கிறது. உள்ளே இடம் இருந்தும் காவலர் விடவில்லை என்று முணுமுணுப்பவர்களை இன்றும் பார்க்கிறேன். அந்தக் காலி இடம்தான் நாம் மூச்சு விடுவதற்கு என்று அவர்களிடம் சொல்வேன்.

காவலர்களின் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பாருங்கள். நன்கு பயிற்சி பெற்றவர்கள் மேடைக்கு முதுகைக் காட்டி, ரசிகர்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு விழாவில் என் முன்னால் நின்ற இளம்பெண்ணின் உதடு வெளுத்ததை, பக்கத்தில் நின்ற எங்களுக்கு முன்பே தடுப்புக்கு அப்பாலிருந்த காவலர் ஒருவர் கவனித்துவிட்டார். கட்டைவிரலை உயர்த்திக் காட்டிக் கண்ணாலேயே கேட்டார். அந்தப் பெண்ணிடமிருந்து பதில் வராததும் காவலர்கள் இருவர் சேர்ந்து அக்குளில் கைகொடுத்து அவரைத் தூக்கி அப்பால் எடுத்துவிட்டார்கள். பிறகு காகிதக் குவளைகளில் தண்ணீர் நிரப்பி, எங்கள் வரிசை முழுவதற்கும் பின்னோக்கிக் கைமாற்றிவிட்டார்கள். பாட்டு ஒரு நொடியும் தடைபடவில்லை. நான் பார்த்த விழாச் சேவைகளில் ஆகச் சிறந்தது அதுதான்.

நிகழ்ச்சி நிரல் வகுப்பதும் ஒரு கலை. பல மேடைகள் உள்ள விழாவில் இரண்டு பிடித்த குழுக்கள் ஒரே நேரத்தில் வாசிப்பதைத் தவிர்க்க முடியாது. ஆனால் ஒரே வகை இசைக்குரியவர்களை ஒரே நேரத்தில் மோதவிடுவது நடத்துநரின் அக்கறையின்மை. வடஜெர்மனியில் 1990-இல் தொடங்கிய வாக்கன் விழா இதற்குக் கண்டுள்ள வழி எனக்கு மிகவும் பிடித்தது. ஃபாஸ்டர், ஹார்டர் என்ற இரண்டு பெரிய மேடைகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்றில் வாசிப்பு நடக்கும்போது மற்றதில் அடுத்த குழுவுக்கான ஏற்பாடு முடிந்துவிடுகிறது. ரசிகர் சில அடி நகர்ந்து முகத்தைத் திருப்பினால் போதும். நேரம் தவறுவதன் விலையை அறிய அமெரிக்காவில் 1969-இல் நடந்த வுட்ஸ்டாக் விழாவை நினைத்தால் போதும்: ஞாயிறு இரவு முடிய வேண்டிய விழா திங்கட்கிழமை காலை வரை இழுத்தது. கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் கடைசியாக மேடை ஏறியபோது, வந்திருந்த 4 லட்சத்துக்கும் மேற்பட்டோரில் பெரும்பகுதியினர் கிளம்பிவிட்டிருந்தார்கள்.

கழிப்பறை, குடிநீர் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதல் நாள் எல்லா விழாவிலும் சுத்தமாகவே இருக்கும். மூன்றாம் நாள் காலையில் எப்படி இருக்கிறது என்பதே கேள்வி. காசுக்குப் பதிலாகக் கைப்பட்டையில் பணம் ஏற்றும் முறை வரிசைகளைக் குறைத்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மீதித் தொகையைத் திருப்பித் தரக் குறுகிய கெடு வைத்து, அதிலும் கட்டணம் பிடித்துக்கொண்ட ஒரு விழாவை நான் அறிவேன். அது வசதி என்ற பெயரில் ரசிகரின் பணத்தை முடக்கும் செயல்.

வானிலையை யாரும் கட்டுப்படுத்த முடியாது. தகவல் தருவதைக் கட்டுப்படுத்த முடியும். பெல்ஜியத்தின் புக்கெல்பாப் விழாவில் 2011 ஆகஸ்டில் திடீர்ப் புயல் தாக்கி ஐந்து பேர் இறந்தார்கள். காற்றின் வேகம் கூடினால் மேடையை நிறுத்துவதும், மின்னல் நெருங்கினால் திடலைக் காலிசெய்வதும் இன்று ரசிகர்கள் எதிர்பார்க்கும் அடிப்படை ஒழுங்கு. வாக்கன் 2023-இல் தொடர்மழையால் திடல் சேறாகியபோது, பாதி வழியில் இருந்த ரசிகர்களையும் வர வேண்டாம் என்று சொல்லி நுழைவை நிறுத்தியது. ஏமாற்றத்தில் பலர் கொதித்தார்கள். என் பார்வையில் அது சரியான முடிவு; அவசர ஊர்தி நகர முடியாத இடத்தில் மேலும் பல்லாயிரம் பேரைச் சேர்ப்பது பொறுப்பற்ற செயலாக இருந்திருக்கும். இதற்கு மாறாக, வேறொரு விழாவில் நிகழ்ச்சி நின்று நெடுநேரம் ஆகியும், பெரிய திரைகளில் விளம்பரங்கள் ஓடினவே தவிர, மீண்டும் தொடங்குமா, எங்கே ஒதுங்குவது என்று ஒரு வரி கூட வரவில்லை. மழையைவிட அந்த மௌனம்தான் கூட்டத்தைப் பதற வைத்தது.

சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கான உயர்மேடையையும் நான் தவறாமல் பார்ப்பேன். அது இருந்தால் மட்டும் போதாது. அங்கிருந்து மேடை மறைக்காமல் தெரிய வேண்டும், அதை எட்டும் பாதை மழையிலும் உருளக்கூடியதாக இருக்க வேண்டும், உடன் வரும் நண்பருக்கும் இடம் தர வேண்டும். இதில் தன்னார்வலர்களின் பங்கு பெரிது. 1971-இல் தொடங்கிய ரொஸ்கில்டே, லாப நோக்கமின்றி, ஆயிரக்கணக்கான தன்னார்வலர்களின் உழைப்பில் நடந்து, மிஞ்சும் பணத்தை நற்பணிகளுக்குக் கொடுக்கிறது. இசையை நேசிப்பவர் வழிகாட்டியாக நிற்கும்போது, ஒரு கேள்விக்குக் கிடைக்கும் பதிலின் தொனியே வேறாக இருக்கிறது.

கடைசிப் பாடல் முடிந்ததும் சேவையும் முடிந்துவிட்டதாகப் பல நடத்துநர்கள் எண்ணிவிடுகிறார்கள். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் களைத்த கால்களோடு கிளம்பும் வேளைதான் கூட்டத்தைக் கவனிக்க மிகவும் கடினமான வேளை. வெளியேறும் வழிகள் நுழைந்த வழிகளைவிடக் கூடுதலாகவும், முழு வெளிச்சத்தோடும் இருக்க வேண்டும். பேருந்துகள் முன்பே வந்து நிற்க வேண்டும். வாகன நிறுத்துமிடத்தில் வழிகாட்ட ஆள் இருக்க வேண்டும். சீட்டு வாங்குமுன் நான் விழாவின் அறிவிப்புகளில் தேடிப் படிப்பது இந்தப் பகுதியைத்தான். வெளியேறும் ஏற்பாட்டைப் பற்றி ஒரு பத்தி கூட எழுதாத விழாவுக்கு, சுவரொட்டியின் உச்சியில் யார் பெயர் இருந்தாலும், இப்போது நான் பணம் கட்டுவதில்லை.