உக்சனா, கொலாப்ஸ் ஓஎஸ்ஸா?

பெர்மாகம்ப்யூட்டிங் (குறைந்த வளங்களில், இருக்கும் கருவிகளையே நீண்ட காலம் பயன்படுத்தும் கணினி அணுகுமுறை) பக்கம் எட்டிப் பார்ப்பவர்கள் கண்ணில் சீக்கிரமே படுபவை இந்த இரண்டும். இரண்டுமே சின்னவை, ஆனால் நோக்கம் வேறு.

உக்சனை உருவாக்கிய ஹண்ட்ரட் ராபிட்ஸ் என்ற குழுவின் இருவரும் பாய்மரப் படகில் வாழ்பவர்கள். சூரிய மின்சாரமும் தடுமாறும் இணையமும்தான் அவர்களுக்கு வாய்த்தவை. அதற்கேற்ப, 64 கேபி நினைவகம், 32 அடிப்படைக் கட்டளைகள் கொண்ட ஒரு கற்பனைக் கணினியை வடிவமைத்தார்கள். அந்தக் கற்பனைக் கணினியை நிஜக் கணினியில் ஓட்டிக்காட்டும் நிரலான எமுலேட்டரின் மையப்பகுதியைச் சில நூறு வரி சி நிரலில் எழுதிவிடலாம். எமுலேட்டரைப் புது இயந்திரத்துக்கு மாற்றி எழுதினால் போதும், பழைய நிரல்கள் அப்படியே ஓடும். நிண்டெண்டோ டிஎஸ் விளையாட்டுக் கருவியில்கூட ஓட்டியிருக்கிறார்கள்.

விர்ஜில் டூப்ராஸின் கொலாப்ஸ் ஓஎஸ் (2019) என்ற இயங்குதளம் நேர் எதிர்த் திசை. சிப் உற்பத்தியே நின்றுபோனால் என்ன செய்வது என்பதுதான் அதன் கேள்வி. ஃபோர்த் மொழியில் எழுதப்பட்ட இது, குப்பையில் கிடைக்கும் இசட்80 என்ற பழைய கணினிச் சிப்பில் நேரடியாக ஓடும். தன் மூல நிரலிலிருந்து தன்னைத் தானே மறுபடி தொகுத்துக்கொள்ளும் (கம்பைல்). கருவிகளுக்குள் இருக்கும் சிறு கட்டுப்பாட்டுச் சிப்களான மைக்ரோகன்ட்ரோலர்களுக்கும் நிரல் எழுத உதவும். இதை ஓட்ட டிஐ-84 பிளஸ் கால்குலேட்டரே போதும். (1976இல் வந்த இசட்80இன் தனிச் சிப்புக்கு அதன் தயாரிப்பாளரான ஸைலாக் 2024இல் ஆர்டர் வாங்குவதை நிறுத்திவிட்டது. பழைய கருவிகளில் அது இன்னும் ஏராளம்.)

படம் வரைய, இசை அமைக்க, குறிப்பெழுத என்றால் உக்சன்தான். அதற்கான செயலிகள் இப்போதே தயார். கொலாப்ஸை அன்றாட வேலைக்கு யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் கணினி அடிமட்டத்தில் எப்படி இயங்குகிறது என்று கற்க அதுவே மேல். உக்சனுக்கு அடியில் பெரும்பாலும் இன்னொரு இயங்குதளம் வேண்டியிருக்கிறது, அதுதான் என் ஒரே உறுத்தல்.