ராஸ்பெரி பையில் வெளிப்புற வன்தட்டு: நோஃபெயில் மட்டும் போதாது

ராஸ்பெரி பை என்ற கையளவுக் கணினியில் ஓடும் என் வீட்டுச் சர்வரில் இணைத்திருக்கும் வன்தட்டின் யூஎஸ்பி கேஸ் (தட்டை உள்ளே வைத்து யூஎஸ்பி வழியாக இணைக்கும் உறை) பழுதாகி, அண்மையில் அதை மாற்ற வேண்டி வந்தது. அதே வாரத்தில் நண்பர் ஒருவர், ராஸ்பெரி பை 4 வாங்கி, கையில் இருக்கும் வெளிப்புற ஹார்ட் டிஸ்கைச் செருகி, குடும்பப் படங்களையும் பேக்கப்பையும் அதில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். பையின் வேகம், நினைவகம் ஆகியவற்றை அவர் அறிவார். அவற்றைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. நீண்ட காலம் பயன்படுத்தியவன் என்ற முறையில் எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான்: அந்த வன்தட்டு தானாக மவுண்ட் ஆவதும் (ஒரு கோப்புறையோடு இணைந்து பயன்பாட்டுக்கு வருவதும்), ஆகாமல் போகும் நாளில் சர்வர் நடந்துகொள்ளும் விதமும்.

முதலில் மகிழ்ச்சியைச் சொல்லிவிடுகிறேன். புதிய கேஸ் வேறு நிறுவனத்தின் தயாரிப்பு. உள்ளே இருக்கும் சில்லும் வேறு. ஆயினும், எந்தத் தட்டு எந்தக் கோப்புறையில் மவுண்ட் ஆக வேண்டும் என்று எழுதிவைக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல், வன்தட்டு பழைய கோப்புறையிலேயே வந்து நின்றது. அந்தக் கோப்பில் தட்டுக்கான வரியில் அதன் யூயூஐடி என்ற தனித்த அடையாள எண் எழுதப்பட்டிருப்பதே இதற்குக் காரணம். எஸ்டிஏ, எஸ்டிபி என்பவை கெர்னல் (ஓஎஸ்ஸின் மையப்பகுதி) தட்டுகளைக் கண்டறியும் வரிசையில் கிடைக்கும் பெயர்கள். இரண்டு தட்டுகள் இருந்தால் ஒரு ரீபூட்டிலேயே அவை இடம் மாறிவிடக்கூடும். பை-ஐடி (by-id) என்ற கோப்புறையில் காணப்படும் நீண்ட பெயர் நிலையானது போலத் தோன்றும். ஆனால் யூஎஸ்பி வழியாக வரும் தட்டுக்கு அந்தப் பெயர் பெரும்பாலும் கேஸின் சில்லு சொல்வதிலிருந்தே உருவாவதால், கேஸ் மாறினால் பெயரும் மாறிவிடும். யூயூஐடியோ கோப்பமைப்பை உருவாக்கும்போதே தட்டுக்குள் எழுதப்பட்டுவிடுகிறது. (சில பழைய கேஸ்கள், தட்டில் தரவு எழுதப்படும் சிறு அலகான செக்டரின் அளவை 512 பைட்டுக்குப் பதிலாக 4096 பைட்டு என்று காட்டும், அவற்றில் பார்ட்டிஷன் செய்த தட்டை வேறு கேஸில் போட்டால் வெற்றுத் தட்டைப் போலத் தெரியும். நல்ல வேளையாக என்னுடையது அந்த வகையைச் சேர்ந்ததல்ல.)

இனி எரிச்சலுக்கு வருகிறேன். எஃப்எஸ்டேபில் டிஃபால்ட்ஸ் என்று மட்டும் எழுதியிருந்தால், தட்டு வராத நாளில் சிஸ்டம்டி (பூட்டையும் சேவைகளையும் நிர்வகிக்கும் நிரல்) அதற்காக 90 வினாடி காத்திருந்து, பிறகு எமர்ஜென்சி மோடுக்குப் போய்விடுகிறது. அங்கே நெட்வொர்க் இல்லை. ஆகவே தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சும் இல்லை. அலமாரியில் கிடக்கும் பெட்டிக்கு மானிட்டரும் கீபோர்டும் கொண்டுபோய் இணைத்தாலும், ராஸ்பெரி பை ஓஎஸ்ஸில் ரூட் (முழு அதிகாரமுள்ள நிர்வாகி) கணக்கு இயல்பாகவே பூட்டப்பட்டிருப்பதால் கட்டளை எழுதும் ஷெல் கிடைக்காது. ஓஎஸ் இருக்கும் மெமரி கார்டைக் கழற்றி வேறொரு கணினியில் செருகித்தான் அந்த ஒற்றை வரியைத் திருத்த வேண்டும். படங்கள் இருக்கும் துணைத் தட்டு ஒன்று வரவில்லை என்பதற்காக, அதனோடு தொடர்பே இல்லாத டிஎன்எஸ்ஸும் (தளப்பெயர்களை முகவரிகளாக மாற்றும் சேவை) மற்றச் சேவைகளும் சேர்ந்து நின்றுபோவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. தரவுத்தளம் தனித் தட்டில் இருக்கும் பெரிய சர்வர், அந்தத் தட்டு இல்லாமல் எழுந்துவிடுவது பேராபத்து என்பதை அறிவேன்; இந்த இயல்பு அத்தகைய இடங்களுக்கு முற்றிலும் பொருத்தமானது. ஆனால் கையளவுப் பலகைக்கென்றே தயாரிக்கப்படும் ஓஎஸ்ஸிலும் அதை அப்படியே விட்டுவைத்திருப்பதற்கு எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை.

இதற்கு எல்லோரும் சொல்லும் மருந்து நோஃபெயில் என்ற ஒரு சொல். அதைச் சேர்த்தால் தட்டு இல்லாமலும் சர்வர் எழும். ஆனால் சத்தமே இல்லாமல் எழும்; ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. மவுண்ட் ஆகாத கோப்புறை என்பது மெமரி கார்டில் இருக்கும் வெறும் கோப்புறைதான். பேக்கப் நிரலுக்கு அந்த வேறுபாடு தெரியாது. அது கார்டிலேயே எழுதத் தொடங்கி, கார்டு நிரம்பும்வரை எழுதிக்கொண்டே இருக்கும். பிறகு தட்டு திரும்பி வந்து மவுண்ட் ஆகும்போது, எழுதப்பட்ட கோப்புகள் அதன் அடியில் மறைந்துவிடும். இடம் மட்டும் காணாமல் போயிருக்கும். ஆகவே நண்பர்களுக்கு நோஃபெயிலை மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

எனக்கு உண்மையில் கைகொடுத்தது எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட் என்ற விருப்பம். இதைச் சேர்த்தால் பூட் ஆகும்போது தட்டைத் தேடிக் காத்திருப்பதில்லை. கோப்புறையின் மேல் ஒரு காவல் மட்டும் அமர்கிறது. ஏதேனும் ஒரு நிரல் அந்தக் கோப்புறையை முதன்முதலாகத் தொடும்போது, சிஸ்டம்டி அந்த நிரலை நிறுத்திவைத்து, தட்டை மவுண்ட் செய்து, பிறகு உள்ளே விடுகிறது. தட்டு இல்லையென்றால் நிரலுக்குப் பிழைச்செய்தி போய்ச் சேர்கிறது. கார்டில் ஒரு பைட்டுகூட எழுதப்படுவதில்லை. கேஸ் பழுதாகிக் கிடந்த நாள்களில் இதைக் கண்ணாரக் கண்டேன்: பேக்கப் ஒவ்வோர் இரவும் தோல்வி என்று சொன்னது, சர்வரின் மற்ற வேலைகள் வழக்கம்போல நடந்தன, கார்டில் இடம் குறையவில்லை. தட்டுக்காகக் காத்திருக்கும் நேரமான டிவைஸ்-டைம்அவுட்டை 30 வினாடியாக வைத்திருக்கிறேன். உறக்கத்திலிருந்து எழுந்து சுழல வேண்டிய தட்டுக்கு அதைவிடக் குறைத்தால் சில நேரங்களில் போதாது.

இந்தக் காவலிலும் ஓர் ஓட்டை உண்டு. என் கோபம் அதனால்தான் இன்னும் தணியவில்லை. தட்டு இணைந்திருந்தும் கோப்பமைப்பின் கோளாறால் மவுண்ட் அடுத்தடுத்துத் தோற்றால், இயல்பான வரம்பாகிய 10 வினாடிக்கு 5 முயற்சி என்பது கடந்ததும் சிஸ்டம்டி ஆட்டோமவுண்டையே விலக்கிவிடுகிறது. உடனே கார்டிலுள்ள வெறும் கோப்புறை மறுபடியும் வெளிப்பட்டுவிடும். காவல் மிகவும் தேவைப்படும் நேரத்தில் அது எழுந்துபோவதை எந்த வகையில் சேர்ப்பது? இதற்காகவே, தட்டு மவுண்ட் ஆகாத நிலையில் அந்தக் கோப்புறைக்கு சிஹெச்ஏடிடிஆர் (chattr) கட்டளையால், மாற்றத்தைத் தடுக்கும் ஐ (i) அடையாளத்தையும் இட்டு வைத்திருக்கிறேன். அதன் பிறகு ரூட்டால்கூட அங்கே புதிய கோப்பை உருவாக்க முடியாது. தட்டு மவுண்ட் ஆனதும் அந்தத் தடை அடியில் போய்விடுவதால் பயன்பாட்டுக்கு எந்த இடைஞ்சலும் இல்லை. இது ஒரு வரிக் கட்டளைதான். ஆனாலும் புதிதாகத் தொடங்குபவர் ஒருவருக்கு இது எப்படித் தெரியும்?

மின்சாரத்தைப் பற்றி ஒரு சொல். பை 4-இன் நான்கு யூஎஸ்பி துளைகளும் சேர்ந்து தரக்கூடியது 1.2 ஆம்பியர். ஒரு சிறிய தட்டு அதற்குள் ஓடிவிடும். இரண்டு தட்டுகளென்றால் தனி அடாப்டர் கொண்ட ஹப் தேவை. மின்சாரம் போதாமல் தட்டு விழுந்து எழுந்துகொண்டிருந்தால் எஃப்எஸ்டேபில் என்ன எழுதினாலும் பயனில்லை. அதேபோல், விண்டோஸின் என்டிஎஃப்எஸ் கோப்பமைப்பில் உள்ள தட்டை அப்படியே பயன்படுத்தாமல், தரவை வேறிடத்தில் வைத்துவிட்டு லினக்ஸின் இஎக்ஸ்டி4 ஆக மாற்றிவிடுவது நல்லது.

இத்தனை பாராட்டிய பிறகும், நண்பருக்கு வேண்டாம் என்றே பதில் எழுதியிருக்கிறேன். ஆட்டோமவுண்ட் சிறப்பாக வேலை செய்கிறது. யூயூஐடி ஒருபோதும் என்னைக் கைவிட்டதில்லை. ஆனால் குடும்பப் படங்களின் ஒரே பிரதியை, ஒரு கேபிளையும் ஒரு மலிவான சில்லையும் மூன்று கூடுதல் சொற்களையும் நம்பி வைக்கச் சொல்ல இந்த வாரம் எனக்கு மனம் வரவில்லை. வன்தட்டை உள்ளேயே சாட்டாவில் (தட்டை நேரடியாக இணைக்கும் இணைப்பு) பொருத்தக்கூடிய பழைய மேசைக்கணினி கிடைத்தால் அதை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். என் சர்வர் மட்டும் இதே பையில், இதே தட்டோடு தொடரும்.